ஓடுபவரின் முழங்கால் சில்லு வலி: ‘தேய்மானம்’ என்று சொல்லப்பட்ட ஓர் ஆசிரியையின் நிகழ்வு ஆய்வு

முழங்கால் வலியோடு இயன்முறைச் சிகிச்சைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஒரு சொல்லைச் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். ‘தேய்மானம்’ என்பது அந்தச் சொல். அறுபது வயதுக்கு மேற்பட்டவருக்கு அது பல நேரங்களில் பொருந்தும். முப்பதுகளில் இருக்கும், காலையில் ஓடிப் பழகிய ஒருவருக்கு, சில்லைச் சுற்றி வலிக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் அதே சொல்லைக் கொடுத்தால், அது அவருடைய நடை, உட்காரும் முறை, பயம், எதிர்காலத் திட்டம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. இங்கே நான் எழுதுவது அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றியது. அவருடைய ஒப்புதலுடன் எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வரலாறு

அவருக்கு 36 வயது, எடை 58 கிலோ. சென்னையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. இரண்டு ஆண்டுகளாக ஓடுகிறார். 10 கி.மீ. போட்டிகள் சிலவற்றை முடித்துவிட்டு, ஜனவரியில் நடக்கும் மாரத்தான் விழாவில் முதன்முறையாக 21.1 கி.மீ. ஓடுவதற்குத் தயாராகிக்கொண்டிருந்தார். ஜூலை முதல் அக்டோபர் வரை வாரத்துக்கு மூன்று நாள், மொத்தம் 24 கி.மீ. என்ற அளவில் சீராகப் போய்க்கொண்டிருந்த பயிற்சி, நவம்பர் முதல் இரண்டு வாரம் வடகிழக்குப் பருவமழையால் தடைபட்டது. அந்த இரண்டு வாரத்திலும் சேர்த்து அவர் ஓடியது 6 கி.மீ. மட்டுமே. மழை விட்டதும், விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணத்தில், மூன்றாம் வாரம் 31 கி.மீ., நான்காம் வாரம் 37 கி.மீ. என்று ஓடியிருக்கிறார். அந்த நான்காம் வார ஞாயிற்றுக்கிழமை ஓட்டம், பெசன்ட் நகரில் தொடங்கி அடையாறு பாலம் ஏறி இறங்கி மெரினா வரை போய்த் திரும்பிய 16 கி.மீ. தூரம்.

டிசம்பர் முதல் வாரத்தில், ஆறாவது கிலோமீட்டரில் வலது முழங்காலில் வலி தொடங்கியது. வலிநிவாரண ஜெல் தடவிக்கொண்டு மேலும் இரண்டு வாரம் ஓடினார். பிறகு படி இறங்கும்போதும் வலிக்க ஆரம்பித்தது. அவருடைய வகுப்பறை மூன்றாவது மாடியில் இருக்கிறது என்பதால் நாள் ஒன்றுக்கு ஆறேழு முறை அந்தப் படிகளில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. இதுவரை சொன்னது அவர் தாமாகச் சொன்ன வரலாறு. அரை மணி நேரம் பேசிய பிறகு, ஓட்டத்துக்குத் தொடர்பில்லாதது என்று அவர் நினைத்து விட்டுவிட்ட இரண்டு செய்திகள் வெளியே வந்தன. டிசம்பர் மூன்றாம் வாரம் அரையாண்டுத் தேர்வு முடிந்து, ஐந்து பிரிவு மாணவர்களின் விடைத்தாள்களை வீட்டில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு நாளைக்கு நான்கு ஐந்து மணி நேரம் திருத்தியிருக்கிறார். அதே வாரத்தில் மார்கழி பிறந்துவிட்டது. விடியற்காலையில் வாசலில் அரை மணி நேரம் குந்தி உட்கார்ந்தும், குந்தியபடியே நகர்ந்தும் கோலம் போட்டிருக்கிறார். வலியின் உச்சம் அந்த வாரத்தில்தான். ஆனால் அவருடைய கைக்கடிகாரத்தில் பதிவாகியிருந்தது கிலோமீட்டர் கணக்கு மட்டுமே.

டிசம்பர் இறுதியில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரேயும் எம்.ஆர்.ஐ.யும் எடுத்தார்கள். எக்ஸ்ரே இயல்பாக இருந்தது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில், சில்லின் பின்புறக் குருத்தெலும்பில் ‘காண்ட்ரோமலேசியா, கிரேடு 2’ என்று ஒரு வரி இருந்தது. சில்லின் குருத்தெலும்பு மேற்பரப்பு சற்று மென்மையாகிச் சிறிது பிசிறடித்திருக்கிறது என்பதே அதன் பொருள். அது அவருக்குச் சொல்லப்பட்ட விதம் வேறு: சில்லு தேய ஆரம்பித்துவிட்டது, இனி ஓட வேண்டாம், தரையில் உட்கார வேண்டாம், இந்தியக் கழிப்பறையைப் பயன்படுத்த வேண்டாம், படி ஏறுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு, குருத்தெலும்புக்கென்று கொடுக்கப்படும் குளுக்கோசமைன் மாத்திரை, ஒரு ‘நீ கேப்’, வேறோர் இடத்தில் பத்து முறை ‘கரண்ட் வைப்பது’ என்று சிகிச்சை நடந்தது. ஜனவரிப் போட்டிக்குப் போகவில்லை. ஏறத்தாழ ஏழு வாரம் முழு ஓய்வுக்குப் பிறகு பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் என்னிடம் வந்தபோது, ஓடாமலிருந்தும் படி இறங்கும் வலி அப்படியே இருந்தது. மாணவர்களுக்கு நடுவே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குவது அவமானமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, “டாக்டர், என் அம்மாவுக்கே அறுபது வயசுலதான் மூட்டுத் தேய்மானம்னு சொன்னாங்க” என்றார்.

பரிசோதனை

எங்கே வலிக்கிறது என்று கேட்டதும் அவர் விரலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டவில்லை. உள்ளங்கையை விரித்துச் சில்லை முழுவதுமாக மூடி, ‘இங்கேதான், உள்ளே’ என்றார். இந்தக் கைச்சைகையை நான் எப்போதும் கவனிப்பேன். சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாணில் நோவு உள்ளவர் ஒற்றை விரலைச் சில்லின் கீழ் நுனியில் அழுத்திக் காட்டுவார். வெளிப்பக்கத் தசைப்பட்டையில் நோவு உள்ளவர் முழங்காலின் வெளி ஓரத்தைத் தடவுவார். ஜவ்வு கிழிந்தவர் பெரும்பாலும் மூட்டின் இடுக்குக் கோட்டைக் காட்டி, ‘கால் மாட்டிக்கொள்கிறது’ என்பார். கைச்சைகையை மட்டும் வைத்து நோயை முடிவு செய்ய முடியாது என்றாலும், அடுத்து எங்கே தேட வேண்டும் என்பதை அது சொல்லிவிடும்.

வீக்கம் இல்லை. மூட்டு மாட்டிக்கொள்ளுதல், திடீரெனக் கால் மடங்கிப்போதல், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, காய்ச்சல், அடிபட்ட வரலாறு எதுவும் இல்லை. முழங்கால் முழுமையாக நீண்டது, முழுமையாக மடங்கியது. இடுப்பு மூட்டின் நோவு முழங்காலில் வலியாகத் தெரிவதுண்டு என்பதால் இடுப்பையும் சோதித்தேன், இயல்பாக இருந்தது. நெடுந்தூரம் ஓடும் பெண்களிடம் எலும்பில் ஏற்படும் அழுத்தக் கீறல் முறிவையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். எலும்பைத் தட்டியபோது நோவு இல்லை, எம்.ஆர்.ஐ.யிலும் அதற்கான அறிகுறி இல்லை, மாதவிடாய் ஒழுங்காக இருந்தது, உணவும் போதுமானதாக இருந்தது.

சில்லைச் சார்ந்த வலிக்கு உறுதியான ஒற்றைச் சோதனை கிடையாது. மற்றவற்றை விலக்கிவிட்டு, மடக்கிய முழங்காலின் மேல் எடை ஏறும்போது சில்லைச் சுற்றியோ பின்னாலோ வலி வருகிறதா என்று பார்ப்பதே வழி. குந்தும்போது வரும் வலிதான் இருப்பவற்றுள் நம்பகமான அடையாளம். இவருக்கு இரு காலில் குந்தும்போது பத்துக்கு 4, 20 செ.மீ. உயரப் பலகையிலிருந்து ஒற்றைக் காலில் மெல்ல இறங்கும்போது 6, நாற்பது நிமிடம் தொடர்ந்து உட்கார்ந்தால் 4 என்று வலி பதிவானது. முன்முழங்கால் வலிக்கு 1993இல் பின்லாந்தில் உருவாக்கப்பட்ட குஜாலா அளவுகோலில் நூற்றுக்கு 68 பெற்றார்; எண் கூடக் கூட முழங்கால் நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள். அந்தக் கேள்விகளை நான் வாய்மொழியாகத் தமிழில் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

கையில் பிடிக்கும் விசைமானியால் அளந்தபோது வலது முன்தொடைத் தசையின் வலு இடதைவிட 18 விழுக்காடும், காலைப் பக்கவாட்டில் விரிக்கும் இடுப்புத் தசையின் வலு 11 விழுக்காடும் குறைவாக இருந்தன. பலகையிலிருந்து இறங்கும்போது முழங்கால் சற்று உட்பக்கம் சாய்ந்தது. வலியில்லாத இடது காலிலும் அதே அளவு சாய்வு இருந்ததால் அதற்கு நான் பெரிய முக்கியத்துவம் தரவில்லை. இந்தச் சாய்வைக் காட்டி ‘உங்கள் உடலமைப்பே தவறு’ என்று நோயாளியிடம் சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொன்னால் தேய்மானம் என்ற பயத்தோடு இன்னொரு பயமும் சேரும். டிரெட்மில்லில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஓடவைத்துப் படம்பிடித்ததில், நிமிடத்துக்கு 156 அடி வைத்தார். அடிகள் நீளமாக இருந்தன, குதிகால் உடலுக்கு வெகு முன்னால் தரையைத் தொட்டது.

எம்.ஆர்.ஐ. வரியை எப்படிப் படிப்பது

சில்லு என்பது முன்தொடைத் தசையின் தசைநாணுக்குள் பதிந்திருக்கும் எலும்பு. கிணற்றுக் கப்பி கயிற்றின் இழுவைத் திசையை மாற்றித் தூக்குவதை எளிதாக்குவதுபோல, இது தசையின் இழுவையைத் தொடையெலும்பின் முன்னால் தள்ளி நிறுத்தி, குறைந்த விசையில் முழங்காலை நீட்ட உதவுகிறது. கயிற்றின் அழுத்தத்தைக் கப்பி தாங்குவதுபோலவே, தசையின் அழுத்தத்தைச் சில்லும் தாங்குகிறது. சமதளத்தில் நடக்கும்போது சில்லுக்கும் தொடையெலும்புக்கும் இடையே ஏற்படும் விசை உடல் எடைக்கு ஒப்பானது. படி ஏறி இறங்கும்போது அது ஏறத்தாழ மூன்று மடங்கு, ஓடும்போது ஏறத்தாழ ஐந்து மடங்கு. இவருடைய எடைக்கு, ஓடும் ஒவ்வோர் அடியிலும் அது 300 கிலோ அளவுக்கு வரும். இது பயமுறுத்துவதற்காகச் சொல்லும் எண் அன்று. இந்தச் சுமைக்காகவே உருவானதுபோல, சில்லின் பின்புறக் குருத்தெலும்பு உடலிலுள்ள குருத்தெலும்புகளிலேயே மிகத் தடிமனானது.

அந்தக் குருத்தெலும்பில் நரம்புகள் கிடையாது என்பது இங்கே முக்கியம். அமெரிக்க எலும்பியல் அறுவைச் சிகிச்சையாளர் ஸ்காட் டை, 1998இல் வெளியிட்ட ஆய்வில் இதைத் தம்முடைய உடலிலேயே சோதித்துக் காட்டினார். மூட்டின் உட்பகுதியை மரத்துப்போகச் செய்யாமல் தம் முழங்காலுக்குள் கருவியைச் செலுத்தவைத்து, ஒவ்வோர் இடத்தையும் தொடும்போது என்ன உணர்கிறார் என்று பதிவு செய்யவைத்தார். சில்லின் குருத்தெலும்பைத் தொட்டபோது வலி தெரியவில்லை. மூட்டின் உட்சவ்வையும் சில்லுக்குக் கீழுள்ள கொழுப்புத் திண்டையும் தொட்டபோது கடுமையாக வலித்தது. இதிலிருந்து அவர் முன்வைத்த கருத்து எளிமையானது: ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு தாங்குதிறன் எல்லை உண்டு, சுமை அந்த எல்லையைத் தாண்டும்போது சவ்வு, கொழுப்புத் திண்டு, எலும்பு போன்ற உயிர்ப்புள்ள திசுக்கள் எரிச்சலடைகின்றன, எல்லைக்குள் திரும்பினால் அவை ஆறுகின்றன. 2016இல் நெதர்லாந்தில் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வும், சில்லு வலி உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் எம்.ஆர்.ஐ.யில் பார்த்தபோது, அமைப்பு மாற்றங்கள் இரு பிரிவினரிடமும் ஒத்த அளவில் இருப்பதையே கண்டது. ஆகவே அறிக்கையில் வந்த அந்த வரி பொய் அன்று. ஆனால் அவருடைய வலிக்கு அதுதான் காரணம் என்று சொல்ல அது சான்றாகாது. நவம்பர், டிசம்பர் மாத நாட்காட்டியோ அதைவிடத் தெளிவான சான்றாக இருந்தது.

இந்த வலி ஓடுபவர்களிடம் அரிதும் அன்று. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2,002 ஓட்டக் காயங்களைத் தொகுத்து 2002இல் வெளியான ஆய்வில், சில்லு வலியே முதலிடத்தில், ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காக இருந்தது.

சிகிச்சை

முதல் சந்திப்பின் பெரும்பகுதியை விளக்கத்துக்கே செலவிட்டேன். ஒரு தாளில் அவருடைய நான்கு மாத ஓட்டக் கணக்கைக் கட்டங்களாக வரைந்து, நவம்பர் இறுதியில் கோடு செங்குத்தாக ஏறுவதைக் காட்டினேன். கணித ஆசிரியை என்பதால் அதற்கு மேல் அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரே பென்சிலை வாங்கி, விடைத்தாள் திருத்திய நாட்களையும் கோலம் போட்ட நாட்களையும் அதன் மேல் கட்டங்களாக ஏற்றினார். ஏழு வார ஓய்வில் வலி ஏன் போகவில்லை என்ற கேள்விக்கும் அந்தத் தாளிலேயே விடை இருந்தது. ஓய்வில் சுமை குறைந்தது, கூடவே தொடைத் தசை மெலிந்து தாங்குதிறனும் குறைந்துவிட்டது. மூன்று மாடிப் படிகள் மட்டும் அப்படியே இருந்தன. முன்பு எல்லைக்குள் இருந்த படிகள் இப்போது எல்லைக்கு வெளியே போய்விட்டன.

அந்த நாளின் இறுதியில் “கரண்ட் வைக்கலையா டாக்டர்?” என்று கேட்டார். நம் ஊரில் இயன்முறைச் சிகிச்சை என்றாலே ஏதாவது ஓர் இயந்திரம் உடலில் பட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. அந்த எதிர்பார்ப்பை வளர்த்தவர்களும் நாங்கள்தான். சில்லு வலிக்கு அல்ட்ராசவுண்ட், மின்தூண்டல் போன்றவை பயன் தருவதாகச் சான்று இல்லை. இந்த நோவை ஆய்பவர்களின் 2018ஆம் ஆண்டு ஒருமித்த அறிக்கை அவற்றைப் பரிந்துரைக்கவில்லை. அமெரிக்க இயன்முறை மருத்துவர்களின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் அவற்றையும் ‘நீ கேப்’ போன்ற உறைகளையும் தவிர்க்கச் சொல்லி, இடுப்பு, முழங்கால் இரண்டுக்குமான உடற்பயிற்சியை முதன்மையாக வைக்கிறது. இதை அவரிடம் அப்படியே சொன்னேன். குளுக்கோசமைனை நிறுத்துவது பற்றி அவருடைய மருத்துவரிடமே பேசச் சொன்னேன், அவர் நிறுத்திவிட்டார்.

வலியை அளவாக வைத்துக்கொள்ள ஒரு விதியை வகுத்தோம். ஓடும்போது பத்துக்கு 2 வரை வலி இருக்கலாம். ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் அது பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். மறுநாள் காலை முதல் படியில் கூடுதலாக வலிக்கக் கூடாது. கனடாவின் கியூபெக்கில் நடந்து 2018இல் வெளியான ஒரு சோதனையில், இந்த விதியை அடிப்படையாகக் கொண்ட சுமை மேலாண்மைக் கல்வியை மட்டும் பெற்ற ஓட்டக்காரர்கள், அதோடு உடற்பயிற்சியோ ஓட்ட முறைப் பயிற்சியோ சேர்த்துப் பெற்றவர்களுக்கு இணையாக எட்டு வாரத்தில் முன்னேறினார்கள். என் தொழிலில் இருப்பவர்கள் எளிதில் ஏற்க விரும்பாத முடிவு இது. ஆனாலும் ஏழு வார ஓய்வில் 18 விழுக்காடு வலு வித்தியாசத்தோடு வந்தவருக்குக் கல்வி மட்டும் போதும் என்று விட எனக்கு மனம் வரவில்லை.

முதல் மூன்று வாரம் வாரத்துக்கு நான்கு நாள், சமதளத்தில், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று எட்டுச் சுற்று மட்டும். முன்பைவிடக் குறைவான தூரம், ஆனால் அதிக நாட்கள். தூரத்தை முதலில், வேகத்தை அடுத்து, பாலங்களைக் கடைசியில் என்ற வரிசையில் ஏற்றுவது என்று முடிவு செய்தோம். வலுப் பயிற்சி வாரம் மூன்று நாள். தொடக்கத்தில் குந்துதலைச் சுவரில் சாய்ந்து 45 பாகை மடக்கம் வரை மட்டும் செய்தார். நாற்காலியில் உட்கார்ந்து எடை கட்டிய காலை நீட்டும் பயிற்சியை 90 பாகையிலிருந்து 45 பாகை வரை மட்டும் செய்தார். இந்த இரண்டு வீச்சுகளிலும் சில்லின் மேல் அழுத்தம் குறைவாக இருக்கும் என்பதால், வலி குறைவாகவும் தசைக்குச் சுமை போதுமானதாகவும் அமையும். அவற்றோடு ரப்பர் பட்டை கட்டிக் காலைப் பக்கவாட்டில் விரித்தல், பாலம்போல் இடுப்பைத் தூக்குதல். ஒவ்வொரு சுற்றிலும் பன்னிரண்டாவது முறை உண்மையிலேயே கடினமாக இருக்கும் அளவுக்கு எடை இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வலியுள்ளவருக்கு லேசான பயிற்சி கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடுவது நம்மிடையே பரவலாக இருக்கும் தவறு. உள்தொடைத் தசையை மட்டும் தனியாக வலுப்படுத்தும் பழைய முறையை நான் பயன்படுத்தவில்லை. அப்படி ஒரு பகுதியை மட்டும் தனியே இயக்க முடியும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

படிகளுக்காகச் சில்லின் மேல் ஒட்டுப்பட்டை ஒட்டினேன். முதல் சில வாரங்களுக்கு, பயிற்சியோடு சேர்த்து, அது வலியைக் குறைக்க உதவும். முதல் நாளே படி இறங்கும் வலி 5இலிருந்து 3 ஆனது. ஆனால் மார்ச் தொடங்கியதும் சென்னை வியர்வையில் பட்டை நண்பகலுக்குள் உரிந்தது; மூன்றாம் வாரம் தோலில் சிவந்து அரிப்பு எடுத்ததால் விட்டுவிட்டோம். அதற்குள் அதன் தேவையும் குறைந்திருந்தது.

நான்காம் வாரம் முதல் அடி எண்ணிக்கையில் கை வைத்தோம். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 2014இல் வெளியான ஆய்வில், வேகத்தை மாற்றாமல் அடி எண்ணிக்கையை 10 விழுக்காடு கூட்டியபோது சில்லு மூட்டின் உச்ச விசை 14 விழுக்காடு குறைந்தது. அடிகள் கூடுகின்றன என்றாலும், ஒவ்வோர் அடியிலும் குறைவது அதைவிட அதிகம். கைபேசியில் தாளக் கருவிச் செயலி ஒன்றைப் போட்டு நிமிடத்துக்கு 168 என்று வைத்தேன். முதல் நாள் ‘குழந்தை நடை மாதிரி இருக்கிறது’ என்று கூச்சப்பட்டார். ‘முழங்காலை உள்ளே விடாதீர்கள்’, ‘குதிகாலை இப்படி வையுங்கள்’ என்று உடல் உறுப்புகளைக் குறித்து எதுவும் சொல்லாமல், கால் சத்தம் கேட்காமல் ஓடுங்கள் என்று மட்டும் சொன்னேன். ஆறாம் வாரம் தாளக் கருவி இல்லாமலே 165 முதல் 168 வரை நிலைத்தது. காலணியை மாற்றவில்லை.

ஆறாம் வாரம் குஜாலா அளவு 77 ஆனது. பலகையிலிருந்து இறங்கும் வலி 3. எட்டாம் வாரம் மூன்று நிமிட ஓட்டமும் ஒரு நிமிட நடையுமாக, வாரத்துக்கு 12 கி.மீ. வரை வந்திருந்தார். ஏப்ரல் நடுவில், ஒன்பதாம் வாரத்தில், வலி திடீரெனப் பத்துக்கு 5 ஆனது.

ஒன்பதாம் வாரம்

தொலைபேசியில் அவர் குரலிலேயே பழைய பயம் திரும்பியிருந்தது. ஓட்டத்தை அந்த வாரம் கூட்டவே இல்லை, பயிற்சியும் அதே அளவுதான், அப்படியானால் உண்மையிலேயே தேய்ந்துகொண்டுதானே வருகிறது என்று கேட்டார். மறுநாள் அவருடைய குறிப்பேட்டை ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். ஆண்டுத் தேர்வு விடைத்தாள்களை இரண்டு நாளில் முடிக்க வேண்டியிருந்ததால் தொடர்ந்து ஐந்து மணி நேரம் தரையில் உட்கார்ந்திருக்கிறார். அதற்கு அடுத்த நாள், சித்திரை முதல் நாள் விடுமுறையில், குடும்பத்தோடு பழனிக்குப் போய்ப் படி ஏறி, படியிலேயே இறங்கியும் இருக்கிறார். மலை இறங்கும்போதே கால் நடுங்கியதாகச் சொன்னார்.

இதில் பிழை என்னுடையது. முதல் நாள் அந்தத் தாளில் விடைத்தாளையும் கோலத்தையும் அவரே ஏற்றிக் காட்டியபோது பாராட்டினேன். ஆனால் நான் வகுத்துக் கொடுத்த வாரத் திட்டத்தில் ஓட்டத்துக்கும் பயிற்சிக்கும் மட்டுமே கட்டங்கள் இருந்தன. ஏப்ரலில் ஓர் ஆசிரியைக்கு என்ன வரும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். குறிப்பேட்டில் அன்றே இன்னொரு வரிசை சேர்த்தோம்: படிகள், தரையில் உட்கார்ந்த நேரம், குந்திய நேரம்.

ஓய்வு கொடுக்கவில்லை. ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தோம். பலகையில் ஏறி இறங்கும் பயிற்சியை நிறுத்திவிட்டு, முழங்காலை 60 பாகையில் மடக்கி அசையாமல் 45 நொடி தள்ளிப் பிடிக்கும் பயிற்சியை ஐந்து முறை என்று மாற்றினோம். மீதி விடைத்தாள்களை மேசைக்கு மாற்றி, அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்கச் சொன்னேன். நான்காம் நாள் வலி 3, பத்தாம் நாள் பழைய நிலை. இந்த மீட்சி எந்த விளக்கத்தையும்விட அவரை நம்பவைத்தது என்று நினைக்கிறேன். தேய்ந்துபோன ஒன்று பத்து நாளில் திரும்பி வளராது என்று அவரே சொன்னார்.

பத்தாம் வாரத்திலிருந்து, முன்பு தடை விதிக்கப்பட்டவற்றையே பயிற்சியாக்கினோம். ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முழுதாகக் குந்தி இரண்டு நிமிடம் இருத்தல், பிறகு பிடிக்காமல், பிறகு குந்தியபடியே பக்கவாட்டில் நகர்தல். நம்மவர்களின் அன்றாட வாழ்வில் குந்துவதும் சம்மணமிடுவதும் மண்டியிடுவதும் இருக்கின்றன. நாற்காலியிலேயே வாழ்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பயிற்சித் திட்டம் 90 பாகையோடு நின்றுவிட்டால், நம் நோயாளி வாசலிலும் பூசையறையிலும் மீதிச் சுமையைத் தயாரிப்பின்றித் தாங்க நேரிடும்.

விளைவு

பதினோராம் வாரம் இடைவெளியில்லாமல் 5 கி.மீ. ஓடினார். கத்திரி வெயிலில் காலை ஐந்து மணிக்கே புறப்பட வேண்டியிருந்தது என்பதைத் தவிர மே மாதம் சிக்கலின்றிக் கழிந்தது. பன்னிரண்டாம் வாரம் குஜாலா அளவு 84, பதினாறாம் வாரம் 91. அந்த வாரம் 10 கி.மீ. ஓடியபோது வலி பத்துக்கு 1. பலகையிலிருந்து இறங்கும் வலியும் 1. கைப்பிடி இல்லாமல் மூன்று மாடி இறங்கினார். வலது முன்தொடைத் தசை இடதைவிட இப்போது 6 விழுக்காடு மட்டுமே குறைவு. இடது காலும் இடையில் வலுப்பெற்றிருந்ததால் இந்த எண் வலது காலின் முன்னேற்றத்தைக் குறைத்தே காட்டுகிறது. தன் பழைய அளவோடு ஒப்பிட்டால் வலது கால் 28 விழுக்காடு வலுப்பெற்றிருந்தது. இடுப்புத் தசையில் இரு பக்க வேறுபாடு மறைந்திருந்தது. எம்.ஆர்.ஐ.யை மறுபடி எடுக்கவில்லை. அது எதைக் காட்டினாலும் அடுத்து நாங்கள் செய்யப்போவது மாறாது என்பதால் அந்தச் செலவை அவருக்கு நான் வைக்கவில்லை.

இந்த ஒருவருடைய முன்னேற்றத்திலிருந்து எந்தச் சிகிச்சை பயன்பட்டது என்று பிரித்துச் சொல்ல முடியாது. விளக்கம், சுமைக் கட்டுப்பாடு, வலுப் பயிற்சி, அடி எண்ணிக்கை எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்தேன். காலமும் தன் பங்கைச் செய்திருக்கும். சில்லு வலி தானாகச் சரியாகிவிடும் என்ற பழைய நம்பிக்கையும் சரியன்று. சிகிச்சை பெற்றவர்களை ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்த ஓர் ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவர்கள், 57 விழுக்காட்டினர், திருப்தியான நிலையில் இல்லை. தொடக்கத்தில் நீண்ட நாள் வலியோடு வந்தவர்களின் நிலை மற்றவர்களைவிட மோசமாக இருந்தது. இதையும் அவரிடம் மறைக்கவில்லை. இரண்டு மாதம் ஆன நிலையில் அவர் வந்தது நல்லதாகப் போயிற்று. இரண்டு ஆண்டு கழித்து வருபவர்கள்தான் என்னிடம் அதிகம்.

அடுத்த ஜனவரியில் 21.1 கி.மீ. தூரத்தை 2 மணி 41 நிமிடத்தில் முடித்தார். கடைசி மூன்று கிலோமீட்டரில் வலி 2 வரை வந்தது. மறுநாள் நண்பகலுக்குள் போய்விட்டது. அதற்கு முந்தைய டிசம்பரில், விடைத்தாள் திருத்திய வாரத்தில் நெடுந்தூர ஓட்டத்தை 16 கி.மீ.யிலிருந்து 10 ஆகக் குறைத்துக்கொண்டிருக்கிறார். மார்கழி முழுவதும் கோலம் போட்டிருக்கிறார், ஒரு நாள் புள்ளிக் கோலம், ஒரு நாள் நின்று குனிந்தபடி இழுக்கும் சிறு கோலம் என்று மாற்றி மாற்றி. அப்போது குஜாலா அளவு 93. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பேருந்தில் காலை மடக்கி உட்கார்ந்தால் சில்லுக்குப் பின்னால் ஒரு மந்தமான வலி, பத்துக்கு 1 அல்லது 2, இன்னும் வருகிறது. நடுவழிப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவ்வப்போது காலை நீட்டிக்கொள்கிறார். வலுப் பயிற்சியை வாரம் இருமுறை தொடர்கிறார். குறிப்பேட்டில் மூன்று வரிசைகளும் நிரம்பிக்கொண்டிருக்கின்றன. அடுத்த மதிப்பீட்டை ஜூனில், பள்ளி திறந்து, மூன்றாம் மாடிப் படிகள் மறுபடி தொடங்கிய இரண்டாவது வாரத்தில் வைத்திருக்கிறோம்.